நாற்பது வீட்டுக்கும் ஒரே இணைப்பு

ஜனவரி 29

தலைமையாசிரியை அவர்களுக்கு,

இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும் என்று முடிவுசெய்து இதை எழுதுகிறேன். சரியாகச் சொன்னால் ஆறு வருடம் இரண்டு மாதம். நலம் விசாரிப்பதற்காக எழுதவில்லை. உன் எண்ணை அப்போதே போனில் தடுத்துவைத்தேன். அந்தத் தடையை எடுக்கும் உத்தேசம் இல்லை. தெருமுனையில் தபால் பெட்டி இன்னும் இருக்கிறது. அது போதும்.

விஷயம் இதுதான். கல்வி அலுவலகம் போன வாரம் வீட்டு இணைய வசதிக் கணக்கெடுப்பு என்று ஓர் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. உன் பள்ளியில் கூரைப்பூச்சு பெயர்ந்து விழுந்து, கட்டடத்தைப் பூட்டி, ஒன்று முதல் ஐந்து வரை எல்லா வகுப்பையும் ஆன்லைனுக்கு மாற்றினார்கள் அல்லவா. எந்தப் பிள்ளை வீட்டில் இணையம் இருக்கிறது, எந்த வீட்டில் இல்லை என்று அறிய அதன் பிறகு எடுத்த கணக்கு. இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். முழுவதும் படித்தேன். அந்த அலுவலகத்தில் பதினேழு வருடம் புள்ளியியல் அதிகாரியாக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், வேறு யாரும் படித்திருக்க மாட்டார்கள்.

எண்பத்தெட்டாம் பக்கத்தை எடுத்துப் பார். என் மாடிக்குக் கீழே பின்பக்கம் இருக்கும் வரிசை வீடுகள். ஓர் அறை, ஒரு கதவு, ஒரு ஜன்னல். மொத்தம் நாற்பது. நாற்பதுக்கும் "இணைய வசதி உண்டு". நூறு சதவீதம். அடுத்த பத்தி, இணைப்பின் பெயர். நாற்பது வரியிலும் ஒரே பெயர்: பட்டத்து யானை.

அது என் வைஃபை.

கணக்கெடுக்க வந்த பெண் ஒவ்வொரு வாசலிலும் நின்று தன் போனைப் பார்த்தாள். ஏதாவது ஒரு வைஃபை பெயர் தெரிந்தால் "உண்டு". அது யாருடையது, பூட்டியிருக்கிறதா, அந்த வீட்டுப் பிள்ளை அதைத் தொட முடியுமா என்று கேட்கப் படிவத்தில் இடமே இல்லை. கடைசியாக மாடிக்கு வந்தாள்.

"சார், கீழ எல்லா வீட்லயும் பட்டத்து யானைன்னு காட்டுது. அது கம்பெனி பேரா சார்?"

"ஆமாம்மா, பெரிய கம்பெனி," என்றேன்.

"அப்ப எல்லாருக்கும் கிடைக்குதுன்னு போட்டுக்கவா?"

"தாராளமா போட்டுக்கோ."

"இங்க குடியிருக்கறவங்க ஒருத்தர் உறுதி பண்ணிக் கையெழுத்துப் போடணும் சார். படிச்சவங்களா இருந்தா நல்லதுன்னு சொல்லி அனுப்பினாங்க."

போட்டேன். முழுப் பெயர், பட்டங்கள் சகிதம். நாற்பது வீட்டுக்கு ஒரே இணைப்பு என்பதை எவராவது ஒருவர் நிமிர்ந்து பார்த்துக் கேட்பார், அப்போது மொத்தக் கணக்கின் லட்சணமும் வெளியே வரும் என்று எதிர்பார்த்தேன். மேற்பார்வையாளர், கண்காணிப்பாளர், இணை இயக்குநர் என்று மூன்று கை மாறிப் போயிருக்கிறது. ஒருவரும் கேட்கவில்லை. மூன்று மாதம் பொறுத்தேன். இப்போது அச்சிலேயே வந்துவிட்டது. என்னைப் பாடநூல் கிடங்குக்கு மாற்றிய அதே இணை இயக்குநர் முன்னுரை எழுதியிருக்கிறார். கணக்கெடுப்பின் துல்லியத்தைப் பாராட்டியிருக்கிறார்.

பத்திரிகைக்கு ஒன்பது பக்கக் கட்டுரை தயார். ஒரு விவரம்தான் பாக்கி: அந்த வரிசைப் பிள்ளைகளின் வருகைப் பதிவேடு. ஆறு வருடத்துக்கு முன் உன்னிடம் ஒரு கையெழுத்துக் கேட்டேன், கிடைக்கவில்லை. இப்போது கையெழுத்துக்கூட வேண்டாம். நகல் போதும்.

இப்படிக்கு,
முன்னாள் புள்ளியியல் அதிகாரி


பிப்ரவரி 4

அண்ணனுக்கு,

"அவர்களுக்கு" என்று ஆரம்பித்து நாலாவது வரியிலேயே "உன்" என்று இறங்கிவிட்டாய். சந்தோஷம்.

பட்டத்து யானை என்று படித்ததும் சிரித்துவிட்டேன். அப்பாவின் ஸ்கூட்டருக்கு நீ வைத்த பெயர். எட்டு உதை உதைத்தால் ஒரு தடவை கிளம்பும், கிளம்பினால் தெருவே திரும்பிப் பார்க்கும். ஆசிரியர் அறையில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் மீதியைப் படித்தேன்.

நீ கேட்ட நகல் இத்துடன் இருக்கிறது. அந்த நாற்பது வீட்டில் என் பள்ளிப் பிள்ளைகள் முப்பத்தொரு பேர். வகுப்பில் சேர்ந்தால் பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி வரும். அதுதான் வருகை. நவம்பர் முதல் முப்பத்தொரு பேருக்கும் ஒரு புள்ளிகூட இல்லை. கட்டங்களெல்லாம் காலி. நீ படித்த படிப்புக்கு இவ்வளவு காலிக் கட்டத்தைப் பார்த்தால் ஏன் என்று கேட்பாய். கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

இணையம் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அலுவலகம் ஒரு டேப்லெட் கொடுத்தது, மாதாமாதம் கொஞ்சம் டேட்டாவும் போட்டுவந்தது. இணையம் உள்ள வீடு என்று கணக்கில் வந்துவிட்டால் டேட்டா கிடையாது. கணக்கெடுப்பு அக்டோபரில் முடிந்தது. நவம்பர் ஒன்றாம் தேதி அந்த வரிசைக்கு டேட்டா நின்றுவிட்டது. அறிக்கை அச்சாவதற்குத்தான் மூன்று மாதம். கணக்கு மறுநாளே வேலையைக் காட்டிவிட்டது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அலுவலகத்துக்கு நான்கு கடிதம் எழுதினேன். நான்குக்கும் ஒரே பதில்: "மேற்படி வரிசை முழுவதும் இணைப்பு உள்ளது. குடியிருப்பவர் ஒருவர் உறுதிசெய்துள்ளார். பள்ளி அதை மறுக்க வழியில்லை." யார் அந்த ஆள் என்று கேட்டேன். சொல்லவில்லை. இப்போது நீயே சொல்லிவிட்டாய்.

எழுபத்தைந்து வகுப்பு நாள் தொடர்ந்து வராத பிள்ளையின் பெயரை நீக்கிவிட வேண்டும் என்பது விதி. அடுத்த வருடம் அதே வகுப்பில் மறுபடியும் சேரலாம். சேரலாம் என்பது விதி. நீக்கிய பெயர் திரும்பி வந்ததை நான் அதிகம் பார்த்ததில்லை. இந்த மாதம் இருபத்தெட்டாம் தேதியோடு எழுபத்தைந்து நாள் முடிகிறது.

உன் கட்டுரை நன்றாக வரட்டும்.

தங்கை


பிப்ரவரி 8

தங்கைக்கு,

நகல் கிடைத்தது. நன்றி.

"உண்டு" என்று எழுதினால் டேட்டா நிற்கும் என்று படிவத்தில் எங்கும் போடவில்லை. நான் பார்த்த படிவம் ஒரு பக்கம், பின்பக்கம் வெறுமை. கணக்கெடுப்பு ஒன்று, நலத்திட்டம் ஒன்று. இரண்டையும் இப்படிச் சரிபார்க்காமல் முடிச்சுப் போடுவது முட்டாள்தனம் என்று என் காலத்திலேயே குறிப்பு எழுதியிருக்கிறேன். எனக்கு எப்படித் தெரியும்? நான் இப்போது காப்பீட்டு நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடி இறப்பு விகித அட்டவணை போட்டுக்கொண்டிருப்பவன். அலுவலக சமாச்சாரம் எதுவும் என்னிடம் வருவதில்லை.

நான் செய்தது ஒரு பரிசோதனை. தராசு சரியா என்று பார்க்கத் தப்பான எடையை வைத்துப் பார்ப்பதில்லையா, அதுமாதிரி. தராசு தப்பு என்று தெரிந்துவிட்டது. அதன்மேல் யாரைத் தூக்கி வைத்திருந்தார்களோ, அவர்களை வைத்தது நானல்ல.

அந்த முப்பத்தொரு பிள்ளைகள் விவரம் கட்டுரைக்கு வலு சேர்க்கும். பெயர் போடாமல் எண்ணிக்கையை மட்டும் பயன்படுத்திக்கொள்ள உனக்கு ஆட்சேபம் உண்டா?

முன்னாள் புள்ளியியல் அதிகாரி


பிப்ரவரி 12

அண்ணனுக்கு,

ஆட்சேபம் உண்டு.

நேற்று அந்த வரிசைக்குப் போயிருந்தேன். உன் மாடிக்கு வரவில்லை. ஜன்னலில் உன் தலை தெரிந்தது, அவ்வளவுதான்.

குண்டூசி என்று எல்லாரும் கூப்பிடும் ஒரு பெண், மூன்றாம் வகுப்பு. பள்ளியைப் பூட்டிய பிறகு சேர்ந்தவள். அம்மா சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறாள். என்னை அவள் திரையில்தான் பார்த்திருக்கிறாள். ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "டீச்சர், நீங்க கிளாஸ்ல பெருசா இருந்தீங்க, நேர்ல குள்ளமா இருக்கீங்க," என்றாள்.

"ஏம்மா வகுப்புக்கு வர்றதில்ல?"

"டேட்டா நின்னுபோச்சு."

"அதுக்கு முன்னாடியும் மாசக் கடைசியில வர மாட்டே."

"பாதி மாசத்துலயே தீந்துடும் டீச்சர். அப்புறம் நாங்க எல்லாரும் மாடிப்படியில உக்காந்து படிப்போம். மாடி வீட்டு சார் பாஸ்வேர்ட் குடுத்தார். அப்புறம் அவரே மாத்திட்டார்."

"ஏன்?"

"தெரியல. நாங்க சத்தமே போடல. உங்க சத்தம்தான் வந்துது."

இதை நீ என்னிடம் சொல்லவில்லை. கணக்கெடுக்க அந்தப் பெண் வந்து நிற்கும்போது நீ ஏற்கெனவே பூட்டியிருந்தாய். தெரிந்துதான் "தாராளமா போட்டுக்கோ" என்றாய்.

இத்துடன் ஒரு படிவம் வைத்திருக்கிறேன். உறுதிசெய்தவரே அதைத் திரும்பப் பெற்றால் அலுவலகம் மறுகணக்கு எடுக்க வேண்டும். அதுவரை பெயர்களை நீக்க முடியாது. அந்த ஒரு வழிதான் இருக்கிறது. என் கையெழுத்து செல்லுமென்றால் உன்னிடம் வந்திருக்க மாட்டேன்.

ஆறு வருட விஷயத்தையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ அதைத்தான் தேடுவாய். பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகள் ஒருவரும் இல்லை என்று அலுவலகம் கணக்கு அனுப்பியது. பொய் என்று நீ குறிப்பு எழுதினாய். என் பள்ளியில் நின்றவர்கள் பதினாலு பேர் என்று நான் கையெழுத்துப் போட்டுத் தந்திருக்க வேண்டும். தரவில்லை. அப்போது நான் பொறுப்புத் தலைமையாசிரியை. பதவி உறுதியாக இரண்டு மாதம் இருந்தது. பயந்தேன். நீ கேட்ட மற்ற நாலு பள்ளிக்காரர்களும் போடவில்லை, ஆனால் அவர்கள் உன் தங்கை இல்லை. இதற்கு மேல் எனக்கு விளக்கம் கிடையாது.

தங்கை


பிப்ரவரி 17

தங்கைக்கு,

படிவத்தைப் படித்தேன். மூன்றாம் பத்தியில் காரணம் எழுத வேண்டும். உண்மையை எழுதினால் "பொய்யென்று தெரிந்தே உறுதிசெய்தேன்" என்று எழுத வேண்டும்.

என்னிடம் மிச்சம் இருப்பது என்ன என்று யோசித்துப் பார். கிடங்குக்கு மாற்றினார்கள், பிறகு அந்த வேலையும் போயிற்று. ஓய்வூதியம் பாதி. கூட வேலைசெய்தவர்கள் தெருவில் பார்த்தால் எதிர்ப்பக்கம் போகிறார்கள். பொய்க் கணக்கில் கையெழுத்துப் போடாத ஆள் என்ற பெயர் மட்டும் இருக்கிறது. அதை எழுதி முத்திரை வைத்து அந்த இணை இயக்குநர் கையிலேயே கொடுக்கச் சொல்கிறாய். பதினாலு பிள்ளைகளைப் பற்றிய என் பழைய குறிப்பை அன்றைக்கே குப்பையில் போடுவார். நியாயமாகவும் போடுவார்.

நீ பதவிக்குப் பயந்தாய். நான் பயப்பட்டால் மட்டும் அது குற்றமா?

கட்டுரை மார்ச் இரண்டாம் வாரம் வரும் என்று பத்திரிகை ஆசிரியர் சொல்கிறார். அது வந்தால் அலுவலகம் தானாகவே திருத்தும். படிவத்தைத் திருப்பி அனுப்புகிறேன்.

முன்னாள் புள்ளியியல் அதிகாரி

பி.கு.: படிவத்தை உறையில் வைக்க மறந்துவிட்டேன். மேஜையில் இருக்கிறது.


பிப்ரவரி 21

அண்ணனுக்கு,

மார்ச் இரண்டாம் வாரத்தில் திருத்துவதற்கு அவர்கள் பெயர் பதிவேட்டில் இருக்காது.

குண்டூசி இப்போது தினமும் பள்ளிக்கூட கேட்டுக்கு வருகிறாள். பூட்டிய பள்ளிதான். காவலாளி சாப்பிடும் நேரத்தில் தன் போனிலிருந்து அவளுக்கு இணையம் விடுகிறார். அவர் சாப்பிட இருபது நிமிடம். முப்பது நிமிடம் விடாமல் பச்சையாக இருந்தால்தான் வருகை பதிவாகும். ஒன்றேகாலுக்கு அவள் புள்ளி வருகிறது, ஒன்று முப்பத்தைந்துக்குப் போய்விடுகிறது. நான் திரையில் பார்த்துக்கொண்டே பாடம் நடத்துகிறேன். "மெதுவா சாப்பிடுங்க தாத்தா" என்று அவள் கெஞ்சியது ஒருநாள் மைக்கில் கேட்டது. "சுகர் இருக்கு பாப்பா, மாத்திரைக்கு நேரமாச்சு" என்று அவர் சொன்னதும் கேட்டது.

இருபத்தெட்டாம் தேதி மாலை ஐந்துக்குள் முப்பத்தொரு பேரை நீக்கும் பட்டியலில் நான் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். அன்றைக்குக் கையெழுத்துப் போடாமல் இருந்தது எனக்குச் சுலபமாக இருந்தது. இதைப் போடாமல் இருக்க முடியாது. நான் போடாவிட்டால் என் இடத்தில் இன்னொருவர் போடுவார்.

பாஸ்வேர்டை ஏன் மாற்றினாய்?

தங்கை


பிப்ரவரி 27

தங்கைக்கு,

நேற்று கல்வி அலுவலகத்துக்குப் போனேன். வாசல் கதவுக்குப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். மற்றபடி எல்லாம் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. முன்கூடத்து எழுத்தர் புதியவர், என்னைத் தெரியாது. படிவத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"சார், 'தெரிந்தே'ன்னு எழுதியிருக்கீங்க. 'கவனக்குறைவால்'னு போட்டுக்கலாமே. எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க."

"கவனமாத்தான் போட்டேன்."

"அப்புறம் சிக்கல் உங்களுக்குத்தான் சார். எனக்கு ஒண்ணுமில்ல."

"சீல் வைங்க."

வைத்தார். அரை மணி நேரம் கழித்து இணை இயக்குநர் கூப்பிட்டு அனுப்பினார். உட்காரச் சொன்னார். டீ சொல்லவா என்றார். வேண்டாம் என்றேன்.

"நம்ம ஆபீஸ் கணக்கெல்லாம் பொய்னு குறிப்பு எழுதினவர்தானே நீங்க?"

"ஆமா."

"இப்ப நீங்களே பொய்க் கணக்குல கையெழுத்துப் போட்டேன்னு எழுதிக் குடுக்கறீங்க. அப்ப அந்தப் பழைய குறிப்பை நாங்க என்னன்னு எடுத்துக்கறது?"

"அது நிஜம். இது பொய். ரெண்டும் நான் எழுதினதுதான்."

"நல்லது. ரெண்டையும் ஒரே கோப்புல வெச்சிடறோம்," என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். கோபப்பட அவருக்கு இனி அவசியம் இல்லை.

மறுகணக்கெடுப்புக்கு உத்தரவு போட்டாயிற்று. அது முடியும்வரை முப்பத்தொரு பெயரும் நீக்கப்படாது. மார்ச் ஒன்று முதல் நாற்பது வீட்டுக்கும் டேட்டா வரும். உத்தரவின் நகல் இத்துடன் இருக்கிறது. இந்தக் கடிதம் இருபத்தெட்டுக்குள் உன் கைக்கு வராது என்பதால், எழுத்தர் இன்னொரு நகலை ஆள் மூலம் உனக்குக் கொடுத்தனுப்பும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ஆள் கிளம்பியதைப் பார்த்த பிறகுதான் எழுந்தேன். அந்த அலுவலகத்தை நம்பும் பழக்கம் இன்னும் வரவில்லை.

கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். சாட்சியும் நான், குற்றவாளியும் நான் என்றால் எந்த ஆசிரியரும் போடமாட்டார்.

பாஸ்வேர்ட் விஷயம். அந்தப் பிள்ளைகள் படியில் உட்கார்ந்தது எனக்குத் தொந்தரவாக இல்லை. பத்துப் பன்னிரண்டு டேப்லெட், ஒவ்வொன்றும் ஒரு நொடி முன்னே பின்னே ஓடும். நீ ஒரு தடவை "ஏழெட்டு எவ்வளவு" என்று கேட்டால் என் கதவுக்கு வெளியே பன்னிரண்டு தடவை கேட்டது. காலை ஒன்பதரைக்கு ஆரம்பித்து இரண்டு மணி வரைக்கும். ஒரு பிள்ளை தப்பாகச் சொன்னால் நீ நம் அம்மா மாதிரி "ம்" என்று இழுத்துவிட்டுக் கொஞ்சம் பொறுக்கிறாய். அதையும் பன்னிரண்டு தடவை கேட்டேன். பதினோரு நாள் கேட்டேன். பன்னிரண்டாம் நாள் மாற்றினேன். போனில் உன்னைத் தடுக்க ஒரு பொத்தான் இருந்தது. இதற்கு இது ஒன்றுதான் இருந்தது. பிள்ளைகள் என்ன ஆவார்கள் என்று அன்றைக்கு நினைக்கவில்லை. பிற்பாடு நினைத்தேன். நினைத்தும் திறக்கவில்லை. அதைப் படிவத்தில் கேட்கவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

நேற்று அலுவலகத்திலிருந்து வந்ததும் கீழே போய்ப் புது பாஸ்வேர்டைச் சொன்னேன். குண்டூசிதான் வாசலில் நின்றாள்.

"மறுபடியும் மாத்துவீங்களா?"

"மாட்டேன்."

"மாத்துவீங்கன்னு அம்மா சொல்றாங்க. எழுதிக் குடுங்க."

நோட்டை நீட்டினாள். மாற்ற மாட்டேன் என்று எழுதினேன். கீழே விரலை வைத்து, "இங்க கையெழுத்து," என்றாள். போட்டேன். அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, "புரியவே இல்ல. டீச்சர்னா கோடு போட்டு அடிச்சுட்டுத் திருப்பி எழுதச் சொல்வாங்க," என்றாள்.

இன்று காலை ஒன்பதரைக்குப் படியில் ஒன்பது பேர். கதவைச் சாத்திக்கொண்டுதான் வேலை பார்த்தேன். சாத்தினாலும் கேட்கிறது.

இந்தக் கடிதத்துக்குக் கீழேயும் ஏதாவது போட வேண்டும். முன்னாள் அதிகாரி என்று போட்டுக்கொள்ளும் யோக்கியதையை நேற்று அந்த அறையில் விட்டுவிட்டு வந்தேன். அண்ணன் என்று போட்டால் ஆறு வருடம் முடிந்துவிட்டது என்று நீ எடுத்துக்கொள்வாய். முடியவில்லை. அன்றைக்கு நீ கையெழுத்துப் போட்டிருந்தால் நான் இன்னும் அங்கே இருந்திருப்பேன், அந்தப் பதினாலு பிள்ளைகளையும் யாராவது தேடியிருப்பார்கள் என்று இன்று காலையும் நினைத்தேன். நாளையும் நினைப்பேன். மனதில் இல்லாததற்குக் கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும் என்று இப்போதுதான் பார்த்திருக்கிறேன். ஆகவே கீழே ஒன்றும் எழுதாமல் மடித்து, நாலு மணிக்குத் தபால்காரர் பெட்டியைத் திறக்க வருவதற்குள் அப்படியே போட்டுவிடப் போகிறேன்.